கம்பளியும் கைந்நூற்பும்: கம்பம் பள்ளத்தாக்கின் மூன்று ஆட்டினங்கள்

உருது மொழியில் பாடப்படும் நஅத்துகளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் 'கம்லிவாலே' என விளிக்கும் வழக்கு உண்டு. கம்பளி போர்த்தியவரே என்பது அதன் பொருள். வடபுலத்துக் கவ்வாலிகளைக் கேட்டிருக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் இச்சொல் அறிமுகமானதே. 'கம்லி'யும் நாம் வழங்கும் 'கம்பளி'யும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆயினும், அச்சொல் குறிக்கும் பொருளை நம் மண்ணில் எவர் நூற்றனர், எந்த ஆட்டின் மயிரால் நூற்றனர், அது ஏன் நின்றுபோயிற்று என்னும் வினாக்களை நாம் எழுப்பியது குறைவு. தேனி மாவட்டத்தையும் அதன் கம்பம் பள்ளத்தாக்கையும் முன்வைத்து அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

அரபு மொழியில் விலங்கின் மேல்மயிரைக் குறிக்க ஒரு பொதுச்சொல்லோடு அமைவதில்லை. செம்மறியினுடையது 'ஸூஃப்', ஒட்டகத்தினுடையது 'வபர்', வெள்ளாட்டினுடையது 'ஷஅர்'. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனம், மனிதனுக்கு வீட்டுப் பொருள்களும் பயன்பாடும் கிடைக்கும் வழிகளைச் சொல்லுமிடத்தில் இம்மூன்றையும் பன்மை வடிவில் தனித்தனியே எண்ணுகிறது. முதலாவது செம்மறிக்கும், இரண்டாவது ஒட்டகத்திற்கும், மூன்றாவது வெள்ளாட்டிற்கும் உரியது என விரிவுரையாளர்கள் பிரித்துக் காட்டியுள்ளனர். சாயம் ஏற்றிய கம்பளி மயிருக்கு 'இஹ்ன்' என்று வேறொரு சொல்லும் உண்டு. இறுதி நாளில் மலைகள் கொட்டிய பஞ்சு போலாகும் எனக் காட்டும் அல்காரிஆ அத்தியாயத்தில் வருவது அச்சொல்லே. மந்தையோடு வாழ்ந்த சமூகத்திற்கு மயிர் வேறு, அதன் பயன் வேறு என்னும் பகுத்தறிவு இயல்பாகவே இருந்தது.

தமிழிலும் இப்பகுப்பு இருந்தது. வெள்ளாடு, செம்மறியாடு என்னும் இரண்டோடு 'குறும்பாடு' என்னும் மூன்றாவது பெயரையும் நம் அகராதிகள் தருகின்றன. அடர்ந்த மயிர் உடையதும், அம்மயிருக்காகக் கத்தரிக்கப்படுவதுமான செம்மறி வகையே குறும்பாடு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியை வருணிக்கையில், பருத்தி நூல், பட்டு இவற்றோடு மயிரால் ஆன ஆடைகளையும் சேர்த்தே சொல்கிறது. வெப்பம் மிகுந்த பாண்டிய நாட்டின் தலைநகரிலும் மயிராடைக்கு ஒரு கடைத்தெருவில் இடமிருந்தது என்பது நோக்கத்தக்கது. இன்றைய தேனி மாவட்டம் 1996இல் பிரிக்கப்படும் வரை அந்த மதுரையின் ஆட்சி எல்லைக்குள் இருந்த நிலப்பகுதியாகும்.

கம்பளம் விரித்த சபை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளைகளுக்கும் இடையே முல்லையாறும் சுருளியாறும் ஓடும் கம்பம் பள்ளத்தாக்கு, பல மொழியினர் வந்து தங்கிய நிலம். கன்னடம் பேசும் காப்பிலியரும் குறும்பரும், தெலுங்கு பேசும் தொட்டியரும் மந்தைகளோடு தெற்கு நோக்கி வந்து மதுரைச் சீமையில் குடியேறிய மக்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில், மதுரைப் பகுதியில் 'கம்பளம்' என்னும் பொதுப்பெயரால் வழங்கிய ஒன்பது சாதிகளைக் குறிப்பிடுகிறார். காப்பிலியர், அனுப்பர், தொட்டியர், குறும்பர் ஆகியோர் அவற்றுள் அடங்குவர். இவர்களது குலச்சபை கூடும்போது ஒரு கம்பளியை விரித்து, அதன்மீது நீர் நிறைந்த கலசத்தை வைத்தே வழக்கை எடுப்பர். அதனாலேயே இப்பெயர் வந்தது என்பது அவர் தரும் விளக்கம்.

ஒரு கையகலப் போர்வை ஒரு சபையின் அடையாளமாகி, பின்னர் பல சாதிகளுக்குரிய பெயராகவும் ஆகியிருக்கிறது. இக்குலங்கள் எல்லாம் நெய்தவை அல்ல. மந்தை வளர்த்து, மயிர் கத்தரித்து, நூற்று, நெய்யும் தொழில் முழுவதையும் கையாண்டவர்கள் குறும்பரே. 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர், கொங்கு, மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அவர்களை ஆடு மேய்ப்போராகவும் கம்பளி நெய்வோராகவும் பதிவு செய்துள்ளார். அவர்களது திருமணத்தில் மணிக்கட்டில் கட்டும் கங்கண நூலைக் கொண்டே உட்பிரிவுகள் அமைந்தன. பருத்தி நூல் கட்டுவோர் 'ஹத்தி கங்கணத்தார்'. கம்பளி நூல் கட்டுவோர் 'உண்ணி கங்கணத்தார்'. 'உண்ணே' என்பது கம்பளி மயிரைக் குறிக்கும் கன்னடச் சொல். எந்த நூல் என்பது ஒருவன் எந்தக் குடி என்பதையே சொல்லிவிடும் அளவுக்கு நூற்பு அவர்களது வாழ்வோடு இணைந்திருந்தது.

மலையில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று, கீழைச் சமவெளியில் ஒன்று

தேனி நிலப்பகுதி ஆட்டினங்களைப் பொறுத்தவரை ஓர் எல்லைக்கோடு. இதனை விளங்கிக்கொள்ளாமல் இங்குள்ள நூற்பின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

வடக்கே கொங்கு நாட்டிலிருந்து பழைய மதுரை மாவட்டம் வரை பரவியிருந்தது குறும்பை ஆடு. அரசு ஆவணங்கள் இதனைக் 'கோயம்புத்தூர் ஆடு' என்கின்றன. உடல் வெண்மையாகவும், தலையும் கழுத்தும் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகளுடனும் இருக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை கத்தரித்தால் ஓர் ஆட்டிலிருந்து 350 கிராம் அளவுக்கு மயிர் கிடைக்கும். மயிரிழையின் விட்டம் ஏறத்தாழ 41 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 41 கூறு. இழைகளில் பாதிக்கு மேற்பட்டவை நடுவே துளையுள்ள முரட்டு இழைகள்.

கிழக்கே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சமவெளிகளில் இருப்பவை வேறு. கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை ஆகிய இவ்வினங்கள் பார்வைக்குச் செம்மறியே ஆயினும், உடலை மூடியிருப்பது நூற்க இயலாத குட்டை மயிர். வயிற்றுப்புறம் கரிய நிறமுடையதால் கீழக்கரிசல் எனப் பெயர் பெற்ற ஆட்டை எவரும் கத்தரிப்பதில்லை. வறண்ட வெப்பநிலத்தில் நெடுந்தொலைவு நடக்கும் ஆட்டுக்கு அடர்மயிர் சுமையே. இறைச்சியும் தோலும் கிடையால் வரும் எருவுமே இவற்றின் பயன். மயிர் குறைந்த தென்னாட்டுச் செம்மறியின் தோல் பதனிடுவதற்கு உயர்ந்தது என்னும் மதிப்பும் வணிகத்தில் உண்டு.

மூன்றாவது மலைமேல் இருக்கிறது. பெரியகுளத்திற்கு வடக்கே உயர்ந்து நிற்கும் பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில், மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. அங்கு வளர்க்கப்படுவது பாரத் மெரினோ. இராஜஸ்தானத்து ஆடுகளோடு மெரினோ, ரம்புயே ஆகிய வெளிநாட்டினங்களைக் கலந்து உருவாக்கிய இனம். இதன் இழை 20 மைக்ரானை ஒட்டியது. மென்மையும் நெளிவும் உடையது. இதற்கும் முன்னரே, 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் ஆங்கிலேயர் இத்தகைய முயற்சியை மேற்கொண்டிருந்தனர். சமவெளியின் குறும்பாட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய ஐரோப்பிய இனங்கள் கலந்து உருவான நீலகிரி ஆட்டின் இழை 27 மைக்ரான் அளவுக்கு மென்மையானது. அந்த மென்மைக்குள்ளும் நம் குறும்பாட்டின் குருதி ஓடுகிறது என்பதை மறந்துவிடலாகாது.

மயிருக்கேற்ற முறுக்கு

ஒரு நூலின் வலிமை, குறுக்கே வெட்டிப் பார்த்தால் எத்தனை இழைகள் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 41 மைக்ரான் இழை ஒன்று நிற்கும் இடத்தில் 20 மைக்ரான் இழைகள் நான்கு நிற்கும். மெரினோவிலிருந்து மெல்லிய நூல் இழுக்க முடிவதும், குறும்பாட்டு மயிரில் அது முடியாமற்போவதும் இதனாலேயே. முரட்டு மயிரை மெல்லிதாக இழுத்தால் இழைகளின் எண்ணிக்கை போதாமல் அறுந்துபோகும். தடித்த நூலாக நூற்றால்தான் அது நிற்கும். மேலும், மென்மயிரின் நெளிவுகள் ஒன்றையொன்று தாமாகவே பற்றிக்கொள்ளும். முரட்டு மயிர் வழுக்கி விலகும். நூற்பவரின் விரல்தான் முறுக்கேற்றி அதனைப் பிணைக்க வேண்டும். பாவுக்கு ஒரு முறுக்கு, ஊடைக்கு ஒரு முறுக்கு. இழுவிசையைத் தாங்கவேண்டிய பாவு இறுகலாக இருக்க வேண்டும். ஊடை சற்றுத் தளர்ந்திருந்தால்தான் துணி கதகதப்பாகும். அளவுக்கு மேல் முறுக்கினால் நூல் சுருண்டு மடங்கும். குறைந்தால் தறியில் பிரிந்துவிடும். இந்த அளவைக் கற்பிக்கும் ஏடு எதுவும் இல்லை. அது விரல்வழியாக விரலுக்குச் சென்ற கல்வி.

வேலை முறை எளியது போலத் தோன்றும். கத்தரிப்பதற்கு முன் ஆடுகளை ஓடும் நீரில் குளிப்பாட்டுவர். கத்தரித்த மயிரை நிறவாரியாகப் பிரித்து, முள்ளும் விதையும் களைந்து, விரலால் பிய்த்தோ வில்லால் அடித்தோ பஞ்சாக்குவர். பெண்கள் வீட்டில் இராட்டையில் நூற்பர். மந்தையின் பின்னே நடக்கும் ஆடவர் கதிரைச் சுழற்றி நடந்தபடியே நூற்பதும் உண்டு. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை பூசுவர். புளியமரங்களுக்குக் குறைவில்லாத தேனிப் பகுதியில் அப்பசைக்கும் குறைவிருக்க நியாயமில்லை. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கம்பளிக்கு, கழிவைச் சேர்க்காமலே ஆறு ஆடுகளின் ஒருமுறை மயிர் வேண்டும். அதை நூற்கும் கைகளுக்குச் செல்லும் நாள்களோ நெய்யும் நாள்களைவிட அதிகம்.

இவ்வாறு ஆன கம்பளியின் குணங்கள் முரட்டு மயிரிலிருந்தே வந்தவை. முரட்டு இழை எளிதில் சாயம் ஏற்காது. ஆகவே ஆட்டின் நிறமே துணியின் நிறம். கறுப்புக் கம்பளிக்குக் கறுத்த ஆடே வேண்டும். திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்துத் திருச்சிக் கறுப்பாட்டின் மயிருக்கு இருந்த மதிப்பு இதனால்தான். முழுமையாகக் களையப்படாத ஆட்டுக்கொழுப்பு மழைநீரை உருட்டிவிடும். கம்பளி மயிரோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கினாலும் உடலுக்குக் குளிர்ச்சி தட்டவிடாது. கம்பம், போடி, தேவாரம் ஊர்களிலிருந்து ஏலமலைக்கு வேலைக்குச் சென்றோர் மழைக்காலத்தில் தலைமேல் மடித்துப் போட்டுக்கொண்ட கொங்காணியின் பயனும் இதுவே. இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளருக்கும் கம்பளி இன்றியமையாதது. தோட்ட நிர்வாகங்கள் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி. மென்மையான மெரினோத் துணி அந்த மலைமழையையும் முட்புதரையும் தாங்கியிராது.

முரட்டு ஆடையின் மாண்பு

நம் மரபிலும் கம்பளி மென்மைக்காகப் போற்றப்பட்டதில்லை. பயணம் ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்டு மயிராலான ஜுப்பா அணிந்திருந்ததையும், உளூவின்போது கைகளை அதன் கீழ்ப்புறமாக வெளியே எடுத்ததையும் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒட்டுப்போட்டுத் தடித்த ஒரு போர்வையையும் முரட்டு வேட்டி ஒன்றையும் எடுத்துக் காட்டி, பெருமானார் இவற்றிலேயே உயிர் துறந்தார்கள் என்று கூறிய செய்தியும் அறியப்பட்டதே. நபிமார் அனைவரும் ஆடு மேய்த்தவர்களே என்னும் நபிமொழியும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

'சூஃபி' என்னும் சொல் 'ஸூஃப்' என்பதிலிருந்து பிறந்தது என்பது பலரது கருத்து. ஹிஜ்ரி 378இல் மறைந்த அபூ நஸ்ர் அஸ்ஸர்ராஜ் தமது 'கிதாபுல் லுமஉ' நூலில் அக்கருத்தை ஆதரித்தார். பிற்காலத்தில் இப்னு கல்தூனும் அதன் பக்கமே சாய்ந்தார். ஆயின் ஹிஜ்ரி 465இல் மறைந்த இமாம் குஷைரீ, கம்பளி உடுத்துவது இக்கூட்டத்தாருக்கு மட்டுமே உரிய அடையாளமன்று என்று கூறித் தயங்கினார். இத்தயக்கத்திலும் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. முரட்டுக் கம்பளி துறவியருக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. இடையர், கூலியாளர், வழிப்போக்கர் அனைவருக்கும் அது பொதுவான உடை. துறவி அதனை உடுத்தியது எளியோருடைய உடை என்பதனால்தான்.

அளவுகோலின் பிழை

இனி, இந்நூற்பு எவ்வாறு நின்றது என்பதைக் காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி நிறுவனத்தின் நூற்பாலை மதுரைக்கு வந்தது. அதற்கு முன்பே ஆலை நூலால் நலிந்திருந்த பருத்திக் கைந்நூற்பு மேலும் ஒடுங்கியது. கம்பளிக் கைந்நூற்போ அதன்பின்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. காரணம், குறும்பாட்டின் கலப்பு மயிர் ஆலை எந்திரத்திற்கு ஒத்துவரவில்லை. அதனை நூற்க மனிதக் கையைத் தவிர வேறு வழியில்லை. ஆலைக்கு உதவாது என்னும் குறையே கைக்கு அரணாக நின்றது.

அந்த அரண் பல முனைகளில் தகர்ந்தது. 1895இல் முல்லைப்பெரியாற்று அணை நிறைவுற்று நீர் கிழக்கே திருப்பப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அந்நீரை நம்பி வாழும் எவரும் அதனைக் குறை கூறார். எனினும், அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே நீண்ட காலம் தரிசாகக் கிடந்த நிலம் சுருங்கியபோது மந்தையின் மேய்ச்சலும் சுருங்கிற்று. திராட்சையும் வாழையும் தென்னையும் பரவிய பின் அது மேலும் குறைந்தது. மலைச்சரிவுகளிலோ காட்டுப் பாதுகாப்பு விதிகள் இறுகின. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சந்தையில் பழங்கம்பளிக் கிழிசலை அரைத்து நூற்ற பானிப்பட்டுப் போர்வையும், செயற்கை இழைப் போர்வையும் சிறுவிலைக்கு வந்து குவிந்தன. ஆறு ஆடுகளின் மயிரும் பல நாள் உழைப்பும் சேர்ந்த கம்பளியால் அவ்விலையில் போட்டியிட இயலவில்லை. மறுபுறம் இறைச்சியின் விலை ஏறிக்கொண்டே சென்றது. மயிர் தரும் ஆட்டைவிட விரைந்து எடை கூடும் ஆடே இலாபம் என்றாயிற்று. குறும்பாட்டு மந்தையில் மயிரற்ற இனத்துக் கிடாய்கள் சேர்ந்தன. பிறந்த குட்டிகளின் மயிரோ நூற்கவும் உதவவில்லை.

இவை யாவும் புறக்காரணங்கள். அகக்காரணம் ஒன்று உண்டு; இக்கட்டுரையாளரின் கருத்தில் அதுவே முதன்மையானது. ஒன்றரை நூற்றாண்டாக நம் ஆட்டு மயிரை நாம் மெரினோவின் அளவுகோலால் அளந்து வந்திருக்கிறோம். அந்த அளவுகோலில் 41 மைக்ரான் என்பது தோல்வி. துளையுள்ள இழை என்பது குறைபாடு. சாயம் ஏறாமை என்பது பழுது. ஆகவே தீர்வு எப்போதும் ஆட்டை மாற்றுவதாகவே இருந்தது. மழையில் நடப்போனுக்கு எது தேவை, வண்டித் தட்டில் விரிக்க எது உழைக்கும், தரைவிரிப்புக்கு எந்த இழை மிதி தாங்கும் என்னும் கேள்விகளிலிருந்து தொடங்கியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். உலகத் தரைவிரிப்புத் தொழில் இன்றும் முரட்டு மயிரையே நாடுகிறது. மென்மயிர் காலடியில் நசுங்கிவிடும். மன்னவனூரின் ஆய்வு வீணென்று கூறுவது நம் நோக்கமன்று. குளிர்மலைக்கு அந்த ஆடு பொருந்தும். அடிவாரத்திற்குப் பொருந்துவது எது என்பதை அடிவாரத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளத்தாக்கின் ஒரு விளைபொருள் தன் மண்ணின் பெயராலேயே மதிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் தக்காணி ஆட்டின் முரட்டு மயிரைக் கைந்நூற்பாகவே நூற்று, 'கொங்கடி' என்னும் கம்பளியை மீட்டெடுக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. நம் குறும்பாட்டின் மயிரோ, கத்தரிக்கும் கூலிக்கும் ஈடாகாத பண்டமாகிவிட்டது. நூற்கத் தெரிந்த கடைசிக் கைகள் ஓய்ந்துவிட்டால், ஆடு மிஞ்சியிருந்தும் பயனில்லை. முறுக்கின் அளவை மீண்டும் கண்டறிவதற்கு ஏடு கிடையாது என்று மேலே சொன்னோம். இதனால் இப்போது செய்யவேண்டியவை இரண்டு: எஞ்சியிருக்கும் குறும்பாட்டு மந்தைகளை அவற்றின் மயிரோடு காப்பது; நூற்கத் தெரிந்த முதியோரிடம் இளையோரை அமர்த்திக் கற்பிப்பது. இவற்றுள் இரண்டாவதற்கே காலம் குறைவு.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் ஆட்டு மயிரின் பயனைச் சொல்லி முடிக்கையில், அது 'ஒரு காலம் வரை' என்று எல்லை வகுக்கிறது. உலகப் பொருள் எதுவும் நிலையானதன்று என்பது அதன் வெளிப்படைப் பொருள். அதே அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் வேறோர் உவமை வருகிறது. உறுதியாக முறுக்கி நூற்ற தன் நூலைத் தானே இழை இழையாகப் பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்னும் எச்சரிக்கை அது. உடன்படிக்கையை முறிப்போரைக் குறித்து வந்த வசனமாயினும், அந்த உவமைக்குள் நூற்பின் அருமை அறிந்த ஒரு சமூகம் தெரிகிறது. நூற்பதற்கு எத்தனை நாள் செல்லும் என்பதை அறிந்தோருக்கே அதனைப் பிரிப்பதன் இழப்பு விளங்கும். காலத்தால் அழியும் பொருளுக்கு நாம் பொறுப்பல்லர். நம் கையால் பிரித்துப்போடும் நூலுக்கு நாமே பொறுப்பு.